கோட்டை போச்சு, வயல் இருக்கு!

(பி.ஏ. வரலாறு, 1972–75 அணியின் பழைய மாணவன் ஒருவன்)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஹாஸ்டல் சாம்பார், கல்லூரி ஆண்டு விழா, ஸ்டிரைக்கு, சினிமாவுக்குச் சுவரேறிக் குதிச்சது எல்லாம் நிறையப் பேர் எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க ஹிஸ்டரிக்காரர், வேற ஏதாவது எழுதுங்க" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆகவே ஹாஸ்டல் சாம்பாரை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, இங்கிலாந்து நாட்டில் ஒரு குக்கிராமத்தில் உள்ள மண்மேட்டைப் பற்றி எழுதப் போகிறேன்.

'நம் கல்லூரி மலரில் இங்கிலாந்து மண்மேடு எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. அந்த மேட்டுக்கும் நம் கல்லூரி வரலாற்று வகுப்பறைக்கும் இடையே ஒரு பாக்கி உண்டு. நாற்பத்தெட்டு வருஷத்துப் பாக்கி. அதைத் தீர்க்காமல் இந்தச் சந்திப்புக்கு வர எனக்கு மனசில்லை.

1974-ஆம் வருஷம். இரண்டாம் ஆண்டு. 'இங்கிலாந்து வரலாறு' பேப்பர். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு என்பதால் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தோம். பேராசிரியர் நோட்ஸ் சொல்லிக்கொண்டே போகிறார். நார்மானியர் படையெடுப்பு, கோட்டைகள், மானர் முறை, மூன்று வயல் முறை... "பண்ணை அடிமைகள் வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். கமா. எழுதிட்டீங்களா?" அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எங்கள் செட்டில் சம்சாரி வீட்டுப் பையன் ஒருவன். விடியற்காலையில் தண்ணி பாய்ச்சிவிட்டு, காலில் சேறு காயாமலே பஸ் ஏறி வருகிறவன்.

"சார், ஒரு டவுட்டு. வயல்ல வேலை செஞ்சவங்க பேரு ஏதாச்சும் புஸ்தகத்துல இருக்கா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேராசிரியர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "அது சிலபஸ்ல இல்லப்பா. நீ எழுதிக்கோ" என்றார். அவனும் எழுதிக்கொண்டான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நானே பிற்பாடு வேறோர் ஊரில் வரலாற்று விரிவுரையாளர் ஆனேன். வருஷா வருஷம் அதே மானர், அதே மூன்று வயல். கொஞ்சம் மாற்றி எழுதிய அதே நோட்ஸ். ஒரு நாள் என் வகுப்பில் ஒரு மாணவி ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டாள். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "அது சிலபஸ்ல இல்லம்மா." சொல்லி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. அந்த முள் ரிட்டையர் ஆன பிறகும் உள்ளேயே இருந்தது.

மேட்டின் மேலே

என் மகள் நாட்டிங்ஹாமில் வேலையில் இருக்கிறாள். 2022 ஜூன் மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை, "மாமா, எங்க போகணும் சொல்லுங்க. லண்டனா, ஆக்ஸ்போர்டா?" என்றார். "லாக்ஸ்டன்" என்றேன். அவர் அந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை! மேப்பைப் போட்டுத்தான் தேடினார். நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தின் வடபகுதியில், நியூவார்க் நகருக்கு வடமேற்கே, ராபின் ஹூட் கதையில் வரும் ஷெர்வுட் காட்டுப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடையும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த விடுதி, தெருவை ஒட்டி வரிசையாகச் செங்கல் வீடுகள். அவ்வளவுதான்.

தேவாலயத்துக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் புல்வெளி. ஆடுகள் மேய்கின்றன. அதற்கு நடுவே, தலைகீழாகக் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு பெரிய மண்மேடு. மேட்டின் உச்சியில் இன்னொரு சின்ன மேடு. சுற்றிலும் அகழி தோண்டிய பள்ளம், அதற்கு இந்தப் பக்கம் கரை கட்டிய இரண்டு பெரிய முற்றங்கள். இதுதான் லாக்ஸ்டன் கோட்டை. கோட்டை என்றதும் நம் கண்ணுக்குச் செஞ்சியும் வேலூரும்தானே வரும்? இங்கே தரைக்கு மேல் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. "இதைப் பாக்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் கேட்டது.

இளைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1066 அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று நார்மண்டி பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அவரோடு வந்தவர்கள் சில ஆயிரம் பேர். ஆளப்பட வேண்டியவர்களோ லட்சக்கணக்கில். அந்நியர்கள், பாஷையும் வேறு. பயம் இருக்காதா? ஆகவே போன இடத்தில் எல்லாம் அவசர அவசரமாகக் கோட்டை கட்டினார்கள். கல் கோட்டைக்கு வருஷக்கணக்கில் ஆகும். மண் கோட்டை சீக்கிரம் முடிந்துவிடும். வட்டமாக அகழி தோண்டி, அந்த மண்ணையே நடுவில் குவித்து மேடாக்கி, உச்சியில் மரக் கோபுரம் ஒன்றை நிறுத்துவார்கள். மேட்டுக்கு 'மோட்' என்று பெயர். அடியில் வேலி போட்ட முற்றம், அதற்குப் 'பெய்லி' என்று பெயர். முற்றத்தில் குதிரை லாயம், சமையல்கட்டு, கூடம், கோயில் எல்லாம். தோண்டியதும் சுமந்ததும் பெரும்பாலும் உள்ளூர் ஜனங்கள். தங்களை அடக்கி வைக்கப்போகிற மேட்டுக்குத் தாங்களே மண் சுமந்தார்கள்!

நாட்டிங்ஹாம்ஷயரில் இந்த வகைக் கோட்டைகளின் மிச்சங்களில் லாக்ஸ்டன்தான் பெரியது, நல்ல நிலையில் இருப்பதும் அதுவே. மூச்சு வாங்க மேலே ஏறினேன். எட்டுத் திசையும் தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே நின்ற காவல்காரனுக்குத் தெரியாமல் கீழே ஒருவன் ஏர் பூட்டியிருக்க முடியாது.

முப்பத்தைந்து பேர்

லாக்ஸ்டனின் முதல் கணக்கு 1086-ஆம் வருஷத்தது. பிடித்த நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு வரி தேறும் என்று வில்லியம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார். அதுதான் டூம்ஸ்டே புத்தகம். லத்தீனில் எழுதியது. இன்றும் லண்டன் அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர் பைமாஷ் கணக்கு, செட்டில்மென்ட் ரிஜிஸ்தர் இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

லாக்ஸ்டன் பதிவு சில வரிகள்தான். படையெடுப்புக்கு முன் நிலம் டோக்கி என்பவனுடையது. பிறகு ஜெஃப்ரி அல்சலின் என்ற நார்மானியப் பிரபுவுக்குப் போய்விட்டது. அவனுடைய ஆள் வால்டர் ஊரைப் பார்த்துக்கொள்கிறான். வால்டருக்குச் சொந்த ஏர் ஒன்று. குடியானவர்கள் 22 பேர், சிறு குடிசைக்காரர்கள் 7 பேர், இவர்களுக்கு எல்லாம் சேர்த்து 5 ஏர். அடிமை ஆண்கள் 5 பேர். அடிமைப் பெண் ஒருத்தி. புல் நிலம் 40 ஏக்கர். மேய்ச்சலுக்குக் காடு. மதிப்பு முன்பு 9 பவுண்டு, இப்போது 6 பவுண்டு.

கூட்டிப் பாருங்கள். 22, 7, 5, 1. முப்பத்தைந்து பேர். டோக்கிக்குப் பெயர் இருக்கிறது, ஜெஃப்ரிக்கு இருக்கிறது, வால்டருக்கும் இருக்கிறது. இந்த முப்பத்தைந்து பேருக்கு மட்டும் பெயர் இல்லை. எண்ணிக்கைதான். ஏர் ஆறு, ஆள் முப்பத்தைந்து என்று மாட்டோடு மாடாக எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றை அடிமைப் பெண் யார்? தெரியாது. அவள் செய்த வேலை ஊருக்கே தெரிந்திருக்கும், இல்லையென்றால் கணக்கில் ஏறியிருக்கமாட்டாள்.

மேட்டின் மேல் நின்றபோது கடைசி பெஞ்ச் நண்பனின் குரல் கேட்டது. 'பேரு ஏதாச்சும் இருக்கா சார்?' 1086-ஆம் வருஷத்துப் பதில்: இல்லை.

பிரபுக்களின் கதை

பிரபுக்களின் பெயருக்குக் குறைவே இல்லை. அல்சலினுக்குப் பிறகு டி கோ குடும்பம் வந்தது. கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள்தான் என்று கருதப்படுகிறது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனி அதிகாரம். ஷெர்வுட் உள்ளிட்ட ராஜாவின் காடுகளுக்குப் பரம்பரைக் காவல் பொறுப்பு. அதாவது மானை யார் வேட்டையாடலாம், மரத்தை யார் வெட்டலாம் என்று தீர்மானிக்கிறவர்கள். ராபின் ஹூட் கதையில் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் என்று சொன்னால் சட்டென்று விளங்கிவிடும்! பெண் வழியாக அந்த உரிமை பர்க்கின் குடும்பத்துக்கும், பிறகு எவரிங்ஹாம் குடும்பத்துக்கும் போயிற்று. வேடிக்கை பாருங்கள், 1286-ல் ராபர்ட் டி எவரிங்ஹாம் காட்டுச் சட்டத்தைத் தானே மீறியதாகக் குற்றம் நிரூபணமாகி, அந்தப் பரம்பரைப் பதவி பறிபோனது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பதவி போனதும் கோட்டையின் முக்கியத்துவமும் குறைந்தது. பிற்காலத்தில் கோட்டை முற்றத்திலேயே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். இன்று அந்த மாளிகையும் இல்லை. எவரிங்ஹாம் குடும்பத்தினரின் படுத்த நிலைச் சிலைகள் தேவாலயத்துக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பெண்ணின் சிலை மட்டும் கல்லில் இல்லாமல் ஓக் மரத்தில் செதுக்கியது. இடைக்காலத்து மரச் சிலை அந்த மாவட்டத்தில் இது ஒன்றுதான். மரம் வெடித்து, முகம் தேய்ந்திருக்கிறது. ஆனால் கைகூப்பிப் படுத்திருக்கும் அமைதி அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். பிரபு வீட்டம்மாவுக்கு ஒரு மரச் சிலையாவது மிஞ்சியது. டூம்ஸ்டே கணக்கில் வந்த அந்த அடிமைப் பெண்ணுக்கு ஒரு எண் மட்டும்தான்.

பர்லாங்கும் ஏக்கரும்

இனி வயலுக்கு வருவோம். கோட்டையின் கீழே இருந்த நிலம், வீடு, மனிதர்கள், உரிமைகள், கடமைகள் எல்லாம் சேர்ந்ததுதான் மானர். நிலத்தில் ஒரு பகுதி பிரபுவின் சொந்தப் பண்ணை. மீதி குடியானவர்கள் கையில். அவர்கள் குத்தகையைப் பணமாகக் கொடுத்ததைவிட உழைப்பாகக் கொடுத்தது அதிகம். வாரத்தில் சில நாள் பிரபு பண்ணையில் வேலை. அறுவடைக் காலத்தில் கூடுதல் நாள். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குக் கட்டணம். குடும்பத் தலைவன் செத்தால் வீட்டிலுள்ள நல்ல மாடு பிரபுவுக்கு. ஊரை விட்டுப் போக அனுமதி வேண்டும். 1348-49 கொள்ளை நோயில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து வேலைக்கு ஆள் பஞ்சம் வந்தது. 1381-ல் குடியானவர்கள் கிளர்ச்சியில் எழுந்து, அடிமை முறையை ஒழிக்கக் கேட்டார்கள். கிளர்ச்சியை அடக்கிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த நூறு, நூற்றைம்பது வருஷத்தில் அந்த முறை தானாகவே தேய்ந்து மறைந்தது.

உழவு நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஊரைச் சுற்றி மூன்று பிரம்மாண்டமான வயல்கள். நடுவே வேலியோ வரப்போ கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளமான பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடியானவனுக்கு மூன்று வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டைகள் இருக்கும். ஒரே இடத்தில் கொடுத்தால் என்ன? ஒருவனுக்கு நல்ல மண்ணும் இன்னொருவனுக்குத் தண்ணி தேங்கும் களிமண்ணும் போய்விடுமே! ஆகவே நல்லதிலும் பங்கு, கெட்டதிலும் பங்கு. ஒரு வருஷம் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்த கால விதைப்பு, மூன்றாவது தரிசு. தரிசில் ஊர் மாடெல்லாம் மேயும், எருவும் விழும். மறு வருஷம் முறை மாறும். இதில் எவனும் தன் இஷ்டத்துக்கு விதைக்க முடியாது. பக்கத்துப் பட்டைக்காரன் அறுக்காமல் நீ மாட்டை அவிழ்த்து விட முடியாது.

ஏன் நீளமான பட்டை? காளைகளைப் பூட்டிய கனத்த ஏரைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே திருப்பாமல் எவ்வளவு தூரம் உழ முடியுமோ அவ்வளவு தூரம் ஒரு சால். அந்த 'நீண்ட சால்'தான் ஆங்கிலத்தில் பர்லாங் ஆயிற்று. 220 கஜம். ஒரு பர்லாங் நீளம், 22 கஜம் அகலம், இந்த அளவு நிலம் ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடியது. அதுதான் ஏக்கர்! "இன்னும் ரெண்டு பர்லாங் நடந்தா ஊர் வந்துடும்" என்று என் தாத்தா சொன்னபோதும், நம் பட்டாவில் 'ஏக்கர் – சென்ட்' என்று எழுதும்போதும், பெயர் தெரியாத அந்த இங்கிலீஷ் உழவனின் காளை எங்கே இளைப்பாறியது என்பதைத்தான் நாம் அளந்துகொண்டிருந்தோம். அந்த 22 கஜம்தான் கிரிக்கெட் பிட்ச் நீளமும். இதை என் வகுப்பில் சொல்லியிருந்தால் ஒரு பையனாவது தூங்காமல் இருந்திருப்பான்!

1635-ஆம் வருஷத்து வரைபடம்

பிரபுக்கள் மாறி மாறி, கடைசியில் லாக்ஸ்டன் ஒரு வியாபாரி கைக்கு வந்தது. சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் பெரும் வணிகர். வாங்கிய சொத்து என்னவென்று தெரிய வேண்டாமா? மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை வைத்து 1635-ல் ஒரு மாபெரும் வரைபடம் போடச் சொன்னார். இன்று அது ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன் படத்தை லாக்ஸ்டனில் பார்வையாளர்களுக்கான சிறு கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் வரைந்து, யார் கையில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்று கணக்கும் எழுதியிருக்கிறார் பியர்ஸ்.

கோர்ட்டன் என்றதும் எங்கேயோ கேட்ட பெயராயிற்றே என்று யோசித்தேன். பிறகு பளிச்சென்று நினைவு வந்தது. நான் நடத்திய இன்னொரு பேப்பர், 'இந்தியாவில் ஐரோப்பியர் வருகை'! கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவோடு வியாபாரம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமம் வாங்கிய கூட்டத்தின் பெரிய கை இவர்தான். அதுவும் அதே 1635-ல். அடுத்த வருஷம் ஜான் வெட்டல் தலைமையில் அவர்கள் கப்பல்கள் கோவாவுக்கு வந்தன. கன்னடக் கடற்கரையில் பட்கல், கார்வார் பக்கம் வியாபாரம் நடந்தது. கோர்ட்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. கப்பல்கள் புறப்பட்ட அடுத்த மாதமே, 1636 மே மாதம் காலமானார். அடுத்த சில வருஷங்களில் லாக்ஸ்டன் பியர்பாண்ட் குடும்பத்துக்குக் கைமாறியது. பிற்காலத்தில் மேன்வர்ஸ் பிரபு என்று பட்டம் பெற்ற குடும்பம் அது. இரண்டு பேப்பரிலும் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திய நான், இரண்டும் ஒரே மனிதரிடம் சந்திப்பதை மேட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் அந்தப் படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றது கோர்ட்டனுக்காக அல்ல. பெயர்களுக்காக. 1086-ல் எண்ணிக்கையாக இருந்தவர்களின் இடத்தில், 1635-ல் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பெயர் இருக்கிறது! ஐந்நூற்று நாற்பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது, எண் பெயராக மாற. 'டேய், கிடைச்சிடுச்சுடா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

சந்தோஷம் முழுசாக நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பியர்ஸ் அந்தப் படத்தில் அழகுக்காகச் சின்னச் சின்ன மனித உருவங்களை வரைந்திருக்கிறார். ஒருவன் ஏர் ஓட்டுகிறான். சிலர் குனிந்து கதிர் அறுக்கிறார்கள். நகத்தளவு உருவம், ஆனாலும் குனிந்த முதுகு தெரிகிறது. அவர்களுக்குப் பெயர் இல்லை. பட்டை கையில் இருந்தவனுக்குப் பெயர் வந்துவிட்டது, பட்டையில் கூலிக்கு அறுத்தவனுக்கு அப்போதும் வரவில்லை. நண்பன் கேட்டது யாரைப் பற்றி? 'வயல்ல வேலை செஞ்சவங்க' என்றுதானே கேட்டான். ஆகவே பாக்கியில் பாதிதான் தீர்ந்தது.

நவம்பர் மாதத்து நீதிமன்றம்

லாக்ஸ்டனின் உண்மையான அதிசயம் இனிமேல்தான். அந்த மூன்று வயலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன! மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். முன்பு இருந்த பரப்பு இல்லை, இப்போது சுமார் 480 ஏக்கர். ஆனால் அதே திறந்தவெளி, அதே பட்டைகள், அதே மூன்று வருஷச் சுற்று.

மற்ற ஊர்களில் இது போயே போய்விட்டது. 1604-க்கும் 1914-க்கும் இடையே நாடாளுமன்றம் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கரைத் தனித்தனிச் சொத்தாக வளைத்துக் கொடுத்தது. மேய்ச்சல் உரிமை இழந்த ஏழைகள் பலர் கூலிகளானார்கள், நகரத்து ஆலைகளுக்குப் போனார்கள். லாக்ஸ்டனிலும் ஓரங்களில் வேலி வந்தது. முழுசாக வரவில்லை. நிலம் எல்லாம் ஒரே கையில் இல்லாததும் ஒரு காரணம். பிரபுவின் பெருந்தன்மையால் மட்டும் தப்பியது என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலி இல்லாத வயலில் தகராறு வராதா? வரும். அதற்குத்தான் மானர் நீதிமன்றம். 'கோர்ட் லீட்' என்று பெயர். நவம்பர் கடைசியில் ஒரு நாள், ஊர் விவசாயிகளில் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். எல்லை தெரியாத இடத்தில் முளை அடிப்பார்கள். எவனாவது பாதையையோ பொதுப் புல்தரையையோ ஒரு சால் சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அன்று மதியம் ஊர் விடுதியில் சாப்பாடு. அடுத்த வாரம் அதே விடுதியில் நீதிமன்றம் கூடும். அபராதம் போடுவார்கள். அடுத்த வயலுக்குப் புது ஜூரி உறுதிமொழி எடுக்கும்.

விடுதியில் சந்தித்த ஒரு முதிய விவசாயியிடம் கேட்டேன், "உங்களுக்கும் அபராதம் போட்டிருக்கிறார்களா?" என்று. அவர் சிரித்தார். "ஜூரியில் நானும் இருந்தேன், எனக்கே போட்டார்கள். பணம் சின்னது. பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் பெயரைப் படிப்பார்கள் பாருங்கள், அதுதான் பெரிது" என்றார். நான் எத்தனையோ வருஷம் 'மானர் நீதிமன்றம் பிரபுவின் சுரண்டல் கருவி' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறேன். அதில் பொய் இல்லை. அபராதம் அன்று பிரபுவின் பைக்குத்தான் போனது. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எல்லையைத் தீர்மானித்தவர்கள் உழுகிறவர்கள் என்பதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

1977-ல் இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தபோதும், லாக்ஸ்டனுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தது. சொத்து மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1952-ல் மேன்வர்ஸ் பிரபு, இந்த முறை அழிந்துவிடக் கூடாது என்று விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-ல் அது அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-ல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது. எசமானர்கள் வந்தார்கள், போனார்கள், வயலின் சுற்று நிற்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் மாப்பிள்ளை கேட்டார், "மாமா, கோட்டையைப் பாக்கப் போய் கடைசியில வயலைத்தானே பாத்தீங்க?" உண்மைதான். ஊரை மிரட்டக் கட்டிய கோட்டை ஆடு மேயும் மேடாகிவிட்டது. ஊர் தனக்குள் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு நிற்கிறது. ஆனால் ஏற்பாடு அழகாக இருக்கிறதே என்று, அதன் கீழே ஒரு காலத்தில் பூட்டப்பட்டிருந்த மனிதர்களை மறந்துவிடக் கூடாது. மேட்டையும் வயலையும் சேர்த்துப் பார்த்தால்தான் மானர் புரிகிறது. நான் கொடுத்த நோட்ஸில் இரண்டும் தனித்தனி ஐந்து மார்க் கேள்விகள்.

இன்று நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது கேள்வி கேட்டால் சிரிக்காதீர்கள். ஆசிரியர் 'சிலபஸில் இல்லை' என்றால் கோபிக்கவும் வேண்டாம். அவருக்குப் பாடத்தை முடிக்கிற அவசரம். கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், வருஷத்தையும் போட்டு. எனக்கு விடையில் பாதி கிடைக்க நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

கேள்வி கேட்ட நண்பன் இப்போதும் அதே ஊரில் அதே நிலத்தில்தான் இருக்கிறான். போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரிடா, அந்த அறுக்கிறவங்க பேரு?" என்றான். "அது இன்னும் கெடைக்கலடா" என்றேன். "அப்ப தேடு" என்று சொல்லி வைத்துவிட்டான். இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். கடைசி பெஞ்சில்தான் உட்காருவான். இந்தத் தடவை நானும் அங்கேயே உட்காரப் போகிறேன்.